முதல் வரியில் கைநாட்டு

ஜனவரி 6, திங்கள்

இன்றைய தேதியை நன்றாக நினைவில் வைத்துக்கொள், தில்லைநாயகி. இன்றுதான் முதல்வர் மேடம் முதல் வரியிலிருந்து இறங்கினார்.

மூன்று வருடச் சண்டை இது. எங்கள் கல்லூரியின் மாத இதழ் ‘நாலு பக்கம்’. பெயருக்கு ஏற்றபடி நாலே பக்கம், இப்போது நான்தான் அதன் ஆசிரியர். நான் முதலாமாண்டில் சேர்ந்தபோது எல்லாச் செய்தியும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “கடந்த பதினான்காம் தேதி முற்பகல் பத்து மணியளவில் நமது கல்லூரிக் கலையரங்கில் மாண்பமை முதல்வர் அவர்கள் தலைமையிலும் துறைத்தலைவர்கள் முன்னிலையிலும்...” என்று கிளம்பி, வரவேற்புரை, வாழ்த்துரை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் சுற்றி வந்து, கடைசியில் “இரத்ததான முகாம் இனிதே நடைபெற்றது” என்று போய் விழும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் வாசிக்கிறவள் தாங்க வேண்டாமா? இரத்தம் கொடுத்தவளைவிட வாசித்தவள்தான் அதிகம் களைத்துப்போவாள்.

இன்று மேடம் அறையில் நின்றுகொண்டு சொல்லியே விட்டேன். “மேடம், மொத வரியில முதல்வர் இருந்தா ரெண்டாவது வரிக்கு யாரும் வர மாட்டாங்க.” நஸீமா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்தாரே பார்க்கலாம்!

“வாய் ஜாஸ்திம்மா உனக்கு. சரி, எம் பேரக் கடைசிப் பத்தியில போட்டுக்க. போட்டோ மட்டும் பெருசா வரணும்.”

வென்றுவிட்டேன். செய்திகளில்தான் இத்தனை நாள் மேடத்தின் ஆட்சி, கட்டுரைகளில் எப்போதும் என் ஆட்சிதான். “விடுதியில் செவ்வாய்க்கிழமை யாரும் குளிக்கவில்லை.” இது நான் எழுதியது. மறுநாளே மோட்டார் பழுது பார்த்தார்கள். “ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தவளுக்குத்தான் கைதட்டல் அதிகம்.” இதுவும் நான்தான். வரியின் கடைசிச் சொல்லில் அடிக்க வேண்டும், அதுவே என் வித்தை. இந்தக் கல்லூரியில் வேறு யாருக்கும் அது வராது.

நஸீமா கணினித் துறை. பக்கம் வடிவமைப்பது முழுக்க அவள்தான். “ரொம்ப ஆடாதடி” என்றாள் படியிறங்கும்போது. ஆடாமல்? இன்று ஆடாமல் என்று ஆடுவது?

ஜனவரி 8, புதன்

வரி வந்துவிட்டது! பொங்கல் இதழுக்குக் கட்டுரை இல்லாமல் மூன்று நாளாக முழித்துக்கொண்டிருந்தேன். காலையில் அலுவலகப் பக்கம் போனால், நூலகத்தைச் சுத்தம் செய்யும் ஒச்சம்மாள் அக்கா வாசலில் நிற்கிறார். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, வருகைப் பதிவுக்குக் கட்டைவிரலை வைத்தார். அந்த நொடியே வரி என் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது:

“கைநாட்டு வைக்கும் விரல்தான் நம் நூலகத்தின் பன்னிரண்டாயிரம் புத்தகங்களையும் தினமும் தொட்டுத் துடைக்கிறது.”

எப்படி? எழுதிவிட்டு நானே நாலு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரி பயந்துவிட்டாள்.

மதியம் நூலகத்துக்குப் போய் ஒச்சக்காவிடம் பத்து நிமிடம் பேசினேன். எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார், எந்த அலமாரியில் தூசி அதிகம், கரையான் வந்தால் என்ன செய்வார், எல்லாம் கேட்டுக்கொண்டேன். பதினோரு வருடமாம். துடைத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவாராம், ஒரு தடவைகூட மாறியதில்லையாம். பழக்கம்தான், வேறென்ன.

“என்னத்த எழுதப்போற பாப்பா?” என்று கேட்டார்.

“வந்ததும் பாருங்கக்கா. அசந்துபோவீங்க.”

ஜனவரி 9, வியாழன்

நஸீமாவுக்கு எதிலும் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் சோறு இறங்காது. பக்கத்தைக் கட்டிக்கொண்டே, “அக்காட்ட கேட்டியா? எழுதப் படிக்கத் தெரியாதுன்னு அவங்களே சொன்னாங்களா?” என்றாள்.

“அத எப்படிடி கேக்குறது? மனசு கஷ்டப்படாதா?”

“பேப்பர்ல போட்டா மட்டும் கஷ்டப்படாதா?”

அவளுக்கு எழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் அவரை உயர்த்தி எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 11, சனி

இதழ் வந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே என் கட்டுரை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு முதலாமாண்டுப் பெண் என் முதல் வரியை மனப்பாடமாகச் சொன்னாள். தமிழ்த்துறையில் இரண்டு பேர் கண்கலங்கினார்களாம். மேடம் கூப்பிட்டு, “அருமைம்மா” என்றார். மதுரையில் பிப்ரவரி முதல் தேதி கல்லூரி இதழ்களுக்கான போட்டி, அதில் ‘சிறந்த தொடக்க வரி’ என்று ஒரு பிரிவே இருக்கிறது. எனக்காகவே வைத்திருக்கிறார்கள் போல. அனுப்பிவிட்டேன்.

ஒச்சக்காவுக்கு ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு என்ன சொல்லத் தெரியும், பாவம். கட்டுரையோடு போட்ட தன் படத்தைப் பார்த்திருப்பார்.

நாளை ஊருக்கு. இரண்டு சுடிதார் துவைக்கக் கிடக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் முடிந்து திரும்பியாயிற்று. அம்மா கொடுத்துவிட்ட அதிரசத்தை விடுதிக்கார எலிகள் பத்து நிமிடத்தில் தீர்த்துவிட்டார்கள்.

நூலகத்தில் ஒரு சின்ன விஷயம். ஒச்சக்கா சன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். “மூணாம் பக்கத்துல ‘தேர்வு பட்டியல்’னு போட்டிருக்கீக. நடுவுல ஒரு ‘ப்’ வரணும்ல பாப்பா?”

அறைக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். ‘ப்’ விட்டுத்தான் போயிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. நஸீமாவின் வேலையாகத்தான் இருக்கும். என்னை மட்டம் தட்ட அக்காவிடம் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

ஜனவரி 21, செவ்வாய்

நஸீமா சொல்லவில்லையாம்.

ஜனவரி 22, புதன்

பிப்ரவரி இதழுக்கு ஒப்புதல் வாங்க மேடம் அறைக்குப் போனேன். மேசையில் விண்ணப்பங்கள் கிடந்தன. நூலக உதவியாளர் வேலை ஒன்று காலியாம். வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த வெள்ளி, முப்பத்தொன்றாம் தேதி, குழு கூடி ஆளை முடிவு செய்கிறதாம்.

“நல்லவேள தில்லை, உன் கட்டுரை வந்துச்சு” என்றார் மேடம். “நம்ம ஒச்சம்மாவும் இதுக்குப் போட்டிருக்காங்க. பத்தாவது பாஸுன்னு மார்க் ஷீட்டு வேற வச்சிருக்காங்க. கைநாட்டுக்கு ஏதும்மா மார்க் ஷீட்டு? யாரோ பண்ணிக் குடுத்திருக்கணும். உண்மையான்னு பாக்க போர்டுக்கு அனுப்பப் போறோம். பதில் வர மூணு மாசம் ஆகும், அதுக்குள்ள வேற ஆளப் போட்டுருவோம். நீ எழுதலன்னா ஏமாந்திருப்போம்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மேடம் இடம் கொடுக்கவில்லை.

இல்லை, இடம் கொடுத்தார். “என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். “பக்கத்துக்கு ஒப்புதல் மேடம்” என்றேன்.

மதுரைக்குக் கட்டிக்கொண்டு போக நீலப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். பார்டரில் சுருக்கம் போகவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 23, வியாழன்

முதல் பரிசு! மதுரையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நாற்பத்தாறு கல்லூரிகள் அனுப்பியதில் என் வரிதான் முதலாம். “வாசித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது” என்றாராம் நடுவர் ஒருவர். அம்மாவுக்குச் சொன்னேன், அப்பாவுக்குச் சொன்னேன், விடுதிக் காவலர் அம்மாவுக்குக்கூடச் சொன்னேன்.

நூலகத்துக்கு இன்று போகவில்லை. நேரமில்லை. துணியை வாளியில் ஊறப்போட்டு மறந்துபோய், இரவல் வாங்கிய சட்டையின் சாயம் என் வெள்ளைச் சால்வையில் ஏறிவிட்டது. இரண்டு மணி நேரம் கசக்கினேன். நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று தெரியவில்லை. மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

காலை எட்டரைக்கே போய் அலுவலக வாசலில், தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். இந்த நோட்டுக்கும் தெரியட்டும்.

எட்டு நாற்பதுக்கு இயற்பியல் துறைத்தலைவர் வந்தார். சுவரில் இருக்கும் வருகைப் பதிவுக் கறுப்புப் பெட்டியில் கட்டைவிரலை வைத்தார். பெட்டி நன்றி சொன்னது. அடுத்து நூலகர். கட்டைவிரல். கணக்காளர். கட்டைவிரல். தமிழ்த்துறையில் கண்கலங்கிய இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள், கட்டைவிரல், கட்டைவிரல். எட்டு ஐம்பத்தைந்துக்கு முதல்வர் மேடம், முனைவர் பட்டம் இரண்டு வாங்கியவர், கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கட்டைவிரலை வைத்தார். முதல் தடவை பெட்டி ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

முப்பத்தெட்டுப் பேர் வைத்தார்கள். இந்தக் கல்லூரியில் எல்லோரும்தான் விரல் வைக்கிறார்கள். மூன்று வருடமாக நான் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறேன். துடைப்பம் பிடித்த கையில் மட்டும் எனக்குக் கைநாட்டு தெரிந்திருக்கிறது.

சீ, தில்லைநாயகி!

மதியம் நூலகத்துக்குப் போனேன். ஒச்சக்கா வரலாற்று அலமாரியின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

கை நின்றது. “இப்பக் கேக்குற.”

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“பத்தாவது. நானூத்திப் பன்னெண்டு மார்க்கு. எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டாவது. மேல படிக்க வைக்கல, கட்டிக் குடுத்துட்டாக. அதுக்காகப் படிச்சது அழிஞ்சா போகும்? இந்த அலமாரியில பாதிய வாசிச்சிருக்கேன், துடைக்கைல. எம்மக பன்னெண்டாவது படிக்கிறா. அவளுக்கு எல்லாப் பாரமும் நெரப்புறது நாந்தேன். அவ வந்து, ‘ஏம்மா, நீ கைநாட்டாம்ல, பேப்பர்ல போட்டிருக்காக’ன்னு கேக்குறா.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா...”

சொன்ன பிறகுதான் என் நாக்கைக் கடித்தேன். அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

“நானா சொல்லணும்? பத்து நிமிசம் நின்னு பேசுனீல்ல? கரையானப் பத்திக் கேட்ட, தூசியப் பத்திக் கேட்ட. என்னப் பத்தி ஒரு வார்த்த கேட்டியா? எனக்கு வாயி இல்லையா?”

“மன்னிச்சிருங்கக்கா” என்றேன். அழுகை வந்துவிட்டது. அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டிவருமே என்று அடக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். ஒச்சக்கா பணியாளர் வரிசையில் நின்றார். மிட்டாய் கொடுக்கும்போது என்னைத் தாண்டிப் பார்த்தார். இஸ்திரிக்காரர் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தார். சுருக்கம் போய்விட்டது. அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 27, திங்கள்

மதுரைக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். முதலில் அதைச் செய்துவிட்டால்தான் மற்றதற்குத் துணிச்சல் வரும் என்று தோன்றியது.

“பரிசு வேண்டாம் சார். வரி தப்பு.”

“எழுத்துப் பிழையாம்மா?”

“இல்ல சார். அவங்க படிச்சவங்க.”

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம். பிறகு அவர், “வரி ரொம்ப நல்லா இருக்கேம்மா, வேணும்னா கதைப் பிரிவுல மாத்திக்கலாமா?” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் வந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அதே சூட்டோடு மேடம் அறைக்குப் போனேன், நஸீமாவையும் இழுத்துக்கொண்டு. எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புப் பெட்டி, கட்டைவிரல், ‘ப்’, புதன்கிழமை நான் வாய் திறக்காமல் நின்றது, மதுரை, எல்லாம். வியாழக்கிழமைக்குள் ஒரு தாள் திருத்த இதழ் போட வேண்டும் என்றேன்.

மேடத்துக்குக் கோபம் வந்தது பாருங்கள்! “பரிசயும் நீயே விட்டுட்டியா? என்னட்ட ஒரு வார்த்த கேக்காம? தப்பாப் போட்டோம்னு நம்மளே அடிச்சு ஊருக்குக் குடுத்தா காலேஜ் மானம் என்னாகும்? அடுத்த இதழ்ல கடைசிப் பக்கத்துல, சின்னதா, வருந்துகிறோம்னு போட்டுக்க.”

“அடுத்த இதழ் வர்றதுக்குள்ள வேலை போயிரும் மேடம். நான் எழுதுனத வச்சுத்தான நீங்க மார்க் ஷீட்ட நம்பல?”

நஸீமா இந்தத் தடவை கிள்ளவில்லை. “அந்தப் பக்கத்தக் கட்டுனது நான் மேடம். சந்தேகம் வந்தும் கட்டுனேன். என் பேரும் சேத்துப் போட்டுக்கங்க” என்றாள். என் உயிர்த்தோழி இவள். இத்தனை நாள் இதை எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி, போடுங்க. ஆனா ஒண்ணு. எம் பேரு மொத வரியிலயும் வரக்கூடாது, கடைசி வரியிலயும் வரக்கூடாது. எங்கயுமே வரக்கூடாது. போட்டோவும் வேணாம்.”

வெளியே வந்ததும் நாங்கள் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மூன்று வருடப் போராட்டம் முழு வெற்றி.

ஜனவரி 28, செவ்வாய்

வரி வரவில்லை. வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, ஏழு வந்துவிட்டது.

“ஒரு விரலைப் பார்த்து ஒரு வாழ்க்கையைத் தவறாக வாசித்துவிட்டேன்.” “எழுதத் தெரிந்த எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.” “இந்த ஆசிரியருக்கு இன்று தலை குனிகிறது.” இப்படியே ஏழு. ஒவ்வொன்றும் என்ன அழகு!

நஸீமா ஏழையும் வாசித்தாள். பேனாவை எடுத்து ஏழிலும் ஒவ்வொரு சொல்லுக்கு அடிக்கோடு போட்டாள். தவறாக வாசித்தது யார், நான். எழுதத் தெரிந்தது யாருக்கு, எனக்கு. தலை குனிந்தது, என்னுடையது.

“முதல்வர எறக்கிவிட்டுட்டு நீ ஏறி ஒக்காந்துட்ட” என்றாள்.

அந்த நேரத்தில் அவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. ஏழையும் கிழித்துப் போட்டேன்.

ஜனவரி 29, புதன்

வெறும் தாளோடு ஒச்சக்காவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். மதுரைப் பரிசை விட்டதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அதற்கும் ஒரு பாராட்டுக் கேட்டு நிற்பதுபோல் ஆகிவிடும்.

“நாளைக்கு வருதுக்கா. முதல் பக்கம். எப்படி ஆரம்பிக்கட்டும்?”

அக்கா துணியை உதறிக் காயப்போட்டார். கையைக் கழுவினார். சேலையில் துடைத்துக்கொண்டு வாசகர் மேசையில், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“என்னப் பத்தின்னா மொத வரிய நான் எழுதுறேன். பேனாவக் குடு.”

கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. இந்தப் பதினெட்டு நாளாக மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்திருக்கிறார். குண்டு குண்டாக, சாயாமல், ஒரு அடித்தல் இல்லாமல் ஒரே வாக்கியம். தாளை என் பக்கம் தள்ளினார்.

வாசித்தேன். மறுபடி வாசித்தேன். பாழாய்ப்போன என் கை, பழக்க தோஷத்தில், மேசைமேல் கிடந்த பேனாவை நோக்கிப் போனது. ஒரு சொல்லை முன்னால் நகர்த்தினால் என்ன என்று பார்த்தேன். கூடாது. இன்னொன்றை எடுத்தால்? எடுக்கவே கூடாது. அடி விழ வேண்டிய இடத்தில், கடைசிச் சொல்லில், சரியாக விழுந்திருக்கிறது. என் வித்தை என்று நான் பீற்றிக்கொண்டது இவருக்கு வெகு சாதாரணமாக வந்திருக்கிறது.

“தப்பிருந்தா திருத்திக்க பாப்பா.”

“ஒரு எழுத்தும் தொட மாட்டேன்க்கா.”

“ரெண்டாவது வரி நீ எழுது. அது ஒன்னோடது.”

அந்த வரியை இங்கே நான் எழுதப்போவதில்லை. அவரே வெளியிடட்டும். இந்தத் தடவை நான் முந்தக்கூடாது.

ஜனவரி 30, வியாழன்

அச்சாகி வந்துவிட்டது. ஒற்றெழுத்து ஒவ்வொன்றையும் அக்காவே சரிபார்த்தார். இரண்டு பிழை பிடித்தார், இரண்டும் என் வரிகளில்.

ஜனவரி 31, வெள்ளி

பதினொன்றரைக்குக் குழு கூடியது. நானும் நஸீமாவும் மேடம் அறைச் சன்னலுக்கு வெளியே, செம்பருத்திச் செடிக்கு மறைவில் நின்றோம். தோட்டக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஒச்சக்கா அசல் மதிப்பெண் பட்டியலை மேசையில் வைத்தார். மேடம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்மா. எதையாச்சும் வாசிச்சுக் காட்டுங்க” என்று நூலக விதிமுறைப் புத்தகத்தை நீட்டினார்.

“என்ட்ட இருக்கு மேடம்” என்றார் அக்கா. மடித்த தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல். நூலகத்தில் எப்போதும் தணிந்தே கேட்ட குரல், வெளியே செம்பருத்தி வரைக்கும் தெளிவாக வந்தது.

“பத்தாம் வகுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு மதிப்பெண் எடுத்த ஒச்சம்மாளாகிய என்னிடம், உனக்குப் படிக்கத் தெரியுமா என்று இந்த இதழ் ஒரு வார்த்தை கேட்கவில்லை.”

நஸீமா என் கையைப் பிடித்து நெரித்தாள். அப்புறம் மேடத்தின் குரல், ரொம்பத் தாழ்ந்து: “நானும்தான் கேக்கலம்மா.”

பன்னிரண்டரைக்கு அக்கா வெளியே வந்தார். எங்களைச் செடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார், ஒளிந்திருந்தது முதலிலேயே தெரிந்திருக்கிறது. “திங்கக்கெழமையிலருந்து உள்ள ஒக்காரச் சொல்லிட்டாக” என்றார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. நஸீமா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கு அப்படி ஒரு பெருமை. என் இதழில் இதுவரை வந்த வரிகளிலேயே சிறந்த வரி அது. அதை நான் எழுதவில்லை என்பது ஒரு துளிகூட உறுத்தவில்லை. சரி, பொய் எதற்கு, ஒரு துளி உறுத்தியது. பெருமை அதைவிடப் பெரிது.

“இன்னும் பத்துக் காப்பி குடு பாப்பா” என்றார் அக்கா.

“எதுக்குக்கா?”

“எங்க தெருவுல நம்ம காலேஜுப் புள்ளைக இருக்க வீடு பத்து. போன தடவ வந்தது பத்து வீட்டுக்கும் போயிருச்சுல்ல. இதுவும் போகணும். சாயங்காலம் நானே கொண்டுபோறேன்.”

“குடுத்துட்டு வந்துருவீங்களா?”

“குடுத்தா எங்க வாசிக்கப் போறாக? வாசல்ல நின்னு மொத வரிய வாசிச்சிட்டுத்தேன் குடுப்பேன்.”

“நானும் வர்றேன்க்கா.”

“நீ எதுக்கு?”

“ரெண்டாவது வரிய வாசிக்க.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “நாலரைக்கு வாசக் கேட்டுகிட்ட வந்துரு. வெயிலு தாழ்ந்துரும்” என்றார்.

போனோம். நஸீமா தாள்களைச் சுமந்துகொண்டு வந்தாள். முதல் வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அக்கா வாசலில் நிமிர்ந்து நின்று தன் வரியை வாசித்தார். அடுத்து நான். “கேட்காமல் எழுதியது, ஆசிரியர் தில்லைநாயகியாகிய நான்.” ‘தில்லை’ வரைக்கும்தான் வந்தது. அந்த அம்மாள், “என்ன சொல்லுது இந்தப் புள்ள?” என்று கேட்டார். மறுபடி முழுதாகச் சொன்னேன்.

மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் தெருவே கூடிவிட்டது. ஆறாவது வீட்டில் அக்காவின் மகள் வந்து சேர்ந்துகொண்டாள், பள்ளிச் சீருடையோடு. அம்மா வாசிக்கும்போது அவள் வாயும் கூடவே அசைந்தது. எட்டாவதில் ஒரு தாத்தா மட்டும், “படிச்ச புள்ள, இப்பிடிப் பண்ணலாமா?” என்று என்னைக் கேட்டார். பண்ணக்கூடாதுதான் தாத்தா என்றேன்.

பத்தாவது வீட்டில் என் குரல் நடுங்கவில்லை.